புயலுக்குள் போய் டேட்டா எடுத்து வரும் விமானங்கள்

கடலூரில் இருக்கும் என் சித்தப்பா, பணி ஓய்வு பெற்ற கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து வாரம் ஒரு போன் எனக்கு வந்துவிடும். சேமித்த பைலைக் காணவில்லை, எழுத்து திடீரென்று பெரிதாகிவிட்டது, பிரிண்டர் சத்தம் போடுகிறது என்று ஏதாவது ஒரு கேள்வி இருக்கும். மழைக்காலத்தில் ஒரு நாள் வந்த கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"ஏம்ப்பா, வானிலைக்காரங்ககிட்ட நம்ம வீட்டு கம்ப்யூட்டரை விட எத்தனையோ மடங்கு பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. அப்புறம் ஏன் புயல் எங்கே கரையைக் கடக்கும், என்ன வேகத்துல வரும்னு நேரத்துக்கு ஒரு மாதிரி சொல்றாங்க?"

நியாயமான கேள்விதான். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற எனக்கும் கல்லூரி நாட்களில் இதே சந்தேகம் இருந்தது. பதிலைத் தேடிப் போனால் அது கம்ப்யூட்டரில் தொடங்கி, புயலுக்குள் பறக்கும் விமானத்தில் போய் நிற்கிறது. சித்தப்பாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது

கம்ப்யூட்டரின் வேலை மூன்று படிகள் என்று முதல் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். இன்புட், புராசஸ், அவுட்புட். ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போது 12-ம் தேதிக்குப் பதிலாக 21 என்று டைப் செய்துவிட்டால், கம்ப்யூட்டர் ஒரு பிழையும் இல்லாமல் 21-ம் தேதிக்கு டிக்கெட் கொடுத்துவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இன்புட்தான் தவறு.

வானிலை கணிக்கும் சூப்பர் கம்ப்யூட்டருக்கும் இதே விதிதான். அதில் ஓடும் புரோகிராமை 'மாடல்' என்பார்கள். மாடல், காற்று மண்டலத்தை கோடிக்கணக்கான சிறு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் இப்போது காற்றழுத்தம் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, காற்று எந்தத் திசையில் என்ன வேகத்தில் வீசுகிறது என்ற எண்கள் வேண்டும். அந்த எண்களை வைத்து அடுத்த சில நிமிடங்களில் என்ன ஆகும் என்று கணக்கிடும். அந்த விடையை வைத்து அதற்கடுத்த சில நிமிடங்கள். இப்படியே ஐந்து நாள் வரை போகும். தொடக்க எண்ணில் சிறு பிழை இருந்தால், ஐந்தாம் நாள் அது பெரிய பிழையாகிவிடும்.

தரையில் வானிலை நிலையங்கள் இருக்கின்றன. நடுக்கடலில் என்ன இருக்கிறது? சில மிதவைகளும் சில கப்பல்களும்தான். புயல் வருகிறது என்றால் கப்பல்களும் விலகிப் போய்விடும். எந்த இடத்தின் எண்கள் மிகவும் அவசியமோ, அந்த இடத்தில்தான் இன்புட் கட்டம் காலியாக இருக்கிறது.

சாட்டிலைட் இருக்கிறதே?

இருக்கிறது. டிவியில் நாம் பார்க்கும் சுழல் படம் சாட்டிலைட் அனுப்புவதுதான். ஆனால் அந்தப் படத்தில் தெரிவது மேகத்தின் உச்சி. கடல் மட்டத்தில் காற்று என்ன வேகத்தில் அடிக்கிறது என்பது அதில் நேரடியாகத் தெரியாது. அடுப்படிக்குள் போகாமல், ஓட்டுக்கு மேலே வரும் புகையைப் பார்த்து உள்ளே என்ன சமையல் என்று சொல்வது போன்றது இது. அனுபவசாலி ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார். அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டுவோராக், 1970-களில் இதற்காக ஒரு முறையையே உருவாக்கினார். மேகத்தின் வடிவத்தையும் உச்சியின் குளிர்ச்சியையும் பார்த்து, புயலின் வலுவுக்கு ஓர் எண் கொடுக்கும் முறை அது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் மைக்ரோவேவ் சாட்டிலைட்டுகளும் உண்டு. ஆனால் அவை ஒரே இடத்துக்கு மேலே நாள் முழுவதும் நிற்பதில்லை. எப்போதாவது கடந்து போகும்.

வங்கக் கடல் புயல்களுக்கு இந்திய வானிலைத் துறை வெளியிடும் அறிக்கையைக் கவனித்துப் பாருங்கள். மைய அழுத்தத்தைச் சொல்லும்போது 'மதிப்பிடப்பட்ட' என்ற சொல் இருக்கும். அது நேர்மையான சொல். புயல் கரையை நெருங்கி ரேடாரின் எல்லைக்குள் வரும் வரை, இங்கே பெரும்பாலும் சாட்டிலைட் மதிப்பீட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அட்லாண்டிக் கடலில் வேறு ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கே ஆளே உள்ளே போய் அளந்து வருகிறார்கள்.

வேடிக்கையாகத் தொடங்கிய பயணம்

1943 ஜூலை 27. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் நகருக்கு அருகே ஒரு ஹரிக்கேன் வந்துகொண்டிருந்தது. நாம் சைக்ளோன் என்று சொல்வதைத்தான் அங்கே ஹரிக்கேன் என்கிறார்கள். ஜோசப் டக்வொர்த் என்ற ராணுவ விமானப் பயிற்சியாளர், ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குள் நுழைந்தார். வழிகாட்டியாக ரால்ப் ஓஹேர் என்ற அதிகாரியும் உடன் சென்றார். அந்தச் சிறிய விமானத்தை அங்கு பயிற்சிக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விமானிகள் கேலி செய்ததுதான் காரணம் என்பார்கள். உள்ளே போய்ப் புயலின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள். தளத்தின் வானிலை அதிகாரி தானும் வருகிறேன் என்றதும், டக்வொர்த் அன்றே அவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் வந்தார்.

இன்று இந்த வேலையை இரண்டு குழுக்கள் செய்கின்றன. ஒன்று, மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சி நகரிலுள்ள கீஸ்லர் தளத்திலிருந்து இயங்கும் விமானப்படை ரிசர்வ் பிரிவு. அதனிடம் நான்கு எஞ்சின் கொண்ட பத்து விமானங்கள் இருக்கின்றன. இன்னொன்று, நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம். புளோரிடாவின் லேக்லேண்ட் நகரிலிருந்து அதன் விமானங்கள் கிளம்புகின்றன. அவற்றில் இரண்டு ஓரியன் விமானங்களுக்குக் குழந்தைகள் நிகழ்ச்சியின் பொம்மைகளான கெர்மிட், மிஸ் பிக்கி ஆகியோரின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். 1970-களின் நடுவில் கட்டப்பட்ட விமானங்கள் அவை. உள்ளே பார்த்தால் பறக்கும் கம்ப்யூட்டர் லேப் போல இருக்கும்.

ஓரியன் விமானம் சுமார் 10,000 அடி உயரத்தில் புயலைக் குறுக்கே கடந்து, கண் வழியாக மறுபக்கம் போகும். பிறகு திரும்பி வேறு திசையிலிருந்து மறுபடி கடக்கும். ஒரு பயணம் எட்டு முதல் பத்து மணி நேரம் நீடிக்கும். நோவாவின் ஜெட் விமானம் ஒன்று, 40,000 அடிக்கும் மேலே புயலைச் சுற்றிப் பறந்து, புயலை எந்தக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அளக்கும். புயலின் பாதையைக் கணிக்க இந்த அளவு முக்கியம்.

டிராப்சோண்ட் என்ற சின்னக் குழாய்

இனி நம் கதையின் ஹீரோவுக்கு வருவோம். டிராப்சோண்ட் என்பது ஏறக்குறைய ஒரு அடி நீளமுள்ள குழாய். அதற்குள் காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் சென்சார்கள், ஒரு ஜி.பி.எஸ். கருவி, ஒரு பேட்டரி, ஒரு சிறிய ரேடியோ டிரான்ஸ்மிட்டர் எல்லாம் இருக்கும். விமானத்தின் அடியிலுள்ள குழாய் வழியாக இதைக் கீழே விடுவார்கள். சின்ன பாராசூட் விரியும். 10,000 அடியிலிருந்து கடலைத் தொட நான்கு நிமிடம் போல ஆகும். விழும் வழியெல்லாம் வினாடிக்கு இரண்டு தடவை அளந்து, எண்களை ரேடியோ மூலம் விமானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கடலில் விழுந்ததும் அதன் கதை முடிந்தது. யாரும் அதைத் திரும்ப எடுப்பதில்லை.

காற்றின் வேகத்தை அளக்க இதில் விசிறி எதுவும் கிடையாது. ஆற்றில் ஒரு காகிதக் கப்பலை விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் நீரின் வேகம் தெரிந்துவிடும் அல்லவா? அதே போல, விழும் குழாயைக் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக இழுத்துப் போகிறது என்பதை ஜி.பி.எஸ். சொல்லிவிடும். உங்கள் செல்போன் மேப்பில் நீலப் புள்ளியை நகர்த்தும் அதே தொழில்நுட்பம்தான். ஜி.பி.எஸ். வைத்த டிராப்சோண்டுகள் 1997 முதல் புயல்களில் முறையாகப் பயன்படுத்தப்படுகின்றன.

இதுவரை கடல் மட்டத்தில் பதிவான மிகக் குறைந்த காற்றழுத்தத்தைக் கண்டுபிடித்ததும் ஒரு பழைய டிராப்சோண்ட்தான். 1979 அக்டோபர் 12-ல், பசிபிக் கடலில் 'டிப்' என்ற புயலின் கண்ணில் அது காட்டிய எண் 870 மில்லிபார். சாதாரண நாளில் கடல் மட்டத்தில் சுமார் 1013 இருக்கும்.

விமானத்திலிருந்து மாடலுக்கு

டேட்டா என்றதும் பெரிய பெரிய பைல்களை நினைத்துக்கொள்வீர்கள். ஒரு டிராப்சோண்டின் சுருக்கச் செய்தி, ஐந்து ஐந்து இலக்கங்களாக எழுதப்பட்ட சில வரிகள் மட்டுமே. செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவில், இப்படிப்பட்ட செய்திகளை ஆயிரக்கணக்கில் வைத்துவிடலாம். இதைத் தவிர விமானம் தான் பறக்கும் உயரத்தில் அளப்பதை, 30 வினாடிக்கு ஒரு வரி என்று எழுதி, 20 வரி சேர்ந்ததும் ஒரு செய்தியாக அனுப்பும். அதாவது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை புது இன்புட். சாட்டிலைட் வழியாக இவை மயாமியிலுள்ள தேசிய ஹரிக்கேன் மையத்துக்கும், மாடல் ஓடும் கம்ப்யூட்டர்களுக்கும் போய்ச் சேரும்.

ஆனால் வருகிற எண்களையெல்லாம் அப்படியே உள்ளே விட்டுவிட முடியாது. பாராசூட் விரியாமல் ஒரு குழாய் வேகமாக விழுந்திருக்கலாம். மேகத்தில் நனைந்த சென்சார், மேகத்தை விட்டு வெளியே வந்த பிறகும் ஈரப்பதம் அதிகம் என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். இதைச் சரிபார்க்க, அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் 'ஆஸ்பென்' என்ற சாப்ட்வேரை உருவாக்கியிருக்கிறது. பக்கத்து எண்களோடு சற்றும் பொருந்தாத எண்ணை அது ஒதுக்கும். விழும் வேகம் இயல்புக்கு மாறாக இருந்தால் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் கடைசி முடிவு விமானத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருடையது.

நானும் இந்தத் தொழிலில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். புரோகிராம் எழுதும் நேரத்தில் பெரும்பகுதி கணக்குப் போடுவதற்குச் செலவாவதில்லை. வந்த டேட்டா ஒழுங்கானதா என்று பார்ப்பதற்கே செலவாகிறது.

பத்து வருடம் கழித்துத் திருத்திய எண்

ஓர் எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆண்ட்ரூ புயலைச் சொல்லலாம். 1992 ஆகஸ்ட் 24 அதிகாலையில் அது தெற்கு புளோரிடாவைத் தாக்கியது. 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. புயல்களின் வலுவை அங்கே ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துவார்கள். ஆண்ட்ரூவுக்கு அப்போது கொடுத்த வகை நான்கு. தரை மட்டத்தில் காற்றின் வேகம் 125 நாட், அதாவது மணிக்குச் சுமார் 232 கிலோமீட்டர் என்று எழுதினார்கள்.

இந்த 125 எப்படி வந்தது? விமானம் பறந்த உயரத்தில் அளந்த அதிகபட்ச வேகம் 162 நாட். கீழே உராய்வினால் காற்று கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும் என்று நேரில் அளக்க அப்போது வழியில்லை. மேலே இருப்பதில் 75 முதல் 80 சதவீதம் கீழே இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள்.

1997-க்குப் பிறகு ஜி.பி.எஸ். டிராப்சோண்டுகள், புயலின் மிக உக்கிரமான பகுதியான கண் சுவருக்குள் நூற்றுக்கணக்கில் விழுந்தன. அந்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கண் சுவரில் கீழே கிடைப்பது மேலே இருப்பதில் சராசரியாக 90 சதவீதம் என்று தெரிந்தது. இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து 162-ஐ 0.9-ஆல் பெருக்கிப் பாருங்கள். 145.8 வரும். மற்ற சான்றுகளையும் அலசிய பிறகு, 2002 ஆகஸ்டில் ஆண்ட்ரூவின் வேகத்தை 145 நாட், மணிக்குச் சுமார் 269 கிலோமீட்டர் என்று திருத்தி, ஐந்தாம் வகையில் சேர்த்தார்கள்.

இடிந்த வீடு இடிந்ததுதானே, பத்து வருடம் கழித்து எண்ணை மாற்றி என்ன பயன் என்று சித்தப்பா கேட்டார். அடுத்து கட்டும் வீடு எந்தக் காற்றைத் தாங்க வேண்டும், அடுத்த புயலுக்கு யாரை வெளியேற்ற வேண்டும் என்பதையெல்லாம் பழைய புயல்களின் எண்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதோடு இன்னொன்று. இந்த அளவுகள் கிடைத்த பிறகு வந்த புயல்களின் வேகத்தை இந்தப் புதிய கணக்கின்படிதான் சொல்லத் தொடங்கினார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். தேசிய ஹரிக்கேன் மையத்தின் இணையதளத்தில் 'ஹர்டாட் 2' என்ற பைல் இலவசமாகக் கிடைக்கிறது. 1851 முதல் வந்த அட்லாண்டிக் புயல்கள் எல்லாம் இந்த ஒரே பைலில் இருக்கின்றன. சாதாரண டெக்ஸ்ட் பைல்தான், சில எம்.பி. அளவே இருக்கும்.

டவுன்லோட் செய்து நோட்பேடில் திறந்துகொள்ளுங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் கீயைத் தட்டினால் தேடும் கட்டம் வரும். அதில் 041992 என்று டைப் செய்யுங்கள். 1992-ல் வந்த நான்காவது புயல் என்று பொருள். ஆண்ட்ரூவின் பெயர் வரும். அதற்குக் கீழே, ஒரு நாளைக்கு நான்கு வரி என்ற கணக்கில் புயலின் முழுப் பயணமும் இருக்கும். எல் என்ற ஆங்கில எழுத்து உள்ள வரி, புயல் கரையைத் தொட்ட நேரம். ஆகஸ்ட் 24-ல் அப்படிப்பட்ட வரிகளில் ஒன்றில், வேகம் 145, காற்றழுத்தம் 922 என்று இருக்கும். பத்து வருட வேலைக்குப் பிறகு மாறிய எண் அதுதான்.

சித்தப்பா இதோடு நிற்கவில்லை. பைலை எக்ஸெலில் ஏற்றி, காற்றழுத்தம் உள்ள வரிசை முழுவதற்கும் சராசரி போட்டுவிட்டார். ஆயிரத்துக்கு அருகில் வர வேண்டிய எண், எங்கோ கீழே போய் நின்றது. "உன் ஹரிக்கேன் மையம் தப்புப்பா" என்று போன் செய்தார்.

நான் சிரித்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறொரு டேட்டாவில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். பழைய புயல்கள் பலவற்றில் காற்றழுத்தத்தை யாரும் அளக்கவில்லை. அளக்காத இடத்தைக் காலியாக விடாமல் -999 என்று எழுதுவது இந்தத் துறையின் பழக்கம். டிராப்சோண்ட் பைல்களிலும் அப்படித்தான். பார்த்ததும் இது உண்மையான எண் இல்லை என்று மனிதனுக்குப் புரியும். எக்ஸெலுக்குப் புரியாது. அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். முதலில் அவற்றை வடிகட்டி நீக்கிவிட்டுச் சராசரி போடுங்கள், ஒழுங்கான விடை வரும்.

அந்த -999-களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஆண்டுகள் முன்னே நகர நகர அவை குறைந்துகொண்டே வரும். அப்படிக் குறைந்ததில் விமானங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த எண்ணின் விலை

இந்த எண்கள் சும்மா கிடைக்கவில்லை. 1955 செப்டம்பர் 26-ல், கரீபியன் கடலில் 'ஜேனட்' புயலுக்குள் போன அமெரிக்கக் கடற்படை விமானம் திரும்பவே இல்லை. அதில் ஒன்பது வீரர்களும் இரண்டு பத்திரிகையாளர்களும் இருந்தார்கள்.

1989 செப்டம்பர் 15-ல் 'ஹ்யூகோ' புயலுக்குள் முதலில் போனது கெர்மிட். சாட்டிலைட் மதிப்பீட்டை நம்பி, 1,500 அடி உயரத்தில் நுழைந்தார்கள். உள்ளே இருந்தது மதிப்பீட்டை விட மிக வலுவான புயல். விமானம் தூக்கி வீசப்பட்டது. ஓர் எஞ்சினில் தீப்பிடித்தது. எப்படியோ கண்ணுக்குள் போய், அங்கே வட்டமடித்து உயரம் ஏறினார்கள். இன்னொரு விமானம் வெளியேற வழி பார்த்துச் சொன்னது. எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். அந்த விமானத்தில் இருந்த வானிலையாளர் ஜெஃப் மாஸ்டர்ஸ், பின்னர் 1995-ல் 'வெதர் அண்டர்கிரவுண்ட்' என்ற இணையதளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

மிகத் தாழ்வாகப் பறக்க வேண்டிய இடங்களுக்கு இப்போது ஆளில்லாத சிறு விமானங்களை அனுப்பிப் பார்க்கிறார்கள். 2014-ல் 'எட்வார்ட்' புயலிலும், 2022-ல் 'இயன்' புயலிலும் ஓரியன் விமானத்திலிருந்தே அவற்றை வெளியே விட்டார்கள்.

விமானம் அடிக்கடி போகாத இடத்தில் என்ன நடக்கும்? 2023 அக்டோபரில் மெக்சிகோவின் பசிபிக் கரையை நோக்கி வந்த 'ஓட்டிஸ்' புயல், பெரிதாக வலுவடையாது என்றுதான் மாடல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அக்டோபர் 24-ல் ஒரு விமானம் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான், சாட்டிலைட் மதிப்பீட்டை விடப் புயல் அதிக வலுவோடு இருப்பது தெரிந்தது. அன்று நள்ளிரவு தாண்டியதும், ஐந்தாம் வகைப் புயலாக அகபுல்கோ நகரை அது தாக்கியது. மக்களுக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசம்தான்.

சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்

எனவே, புயல் அறிக்கையில் எண் மாறினால் கம்ப்யூட்டர் தடுமாறுகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அதற்குப் புதிய இன்புட் வந்திருக்கிறது என்றுதான் பொருள். மாறாத எண்ணை விட மாறிய எண்ணே உண்மைக்கு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புயல் நேரத்தில் செல்போனில் ஏதாவது படமோ அறிக்கையோ வந்தால், முதலில் அது எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வெளியானது என்று பாருங்கள். காலையில் வந்ததை வைத்து இரவு முடிவெடுக்காதீர்கள். இந்திய வானிலைத் துறையின் தளத்தைத் திறந்து, கடைசியாக வந்த அறிக்கையைப் படியுங்கள். சித்தப்பா இப்போது அந்தப் பக்கத்தை புக்மார்க் செய்து வைத்திருக்கிறார். புயல் வந்தால், புது அறிக்கை வந்த செய்தியை எனக்கு முன்னால் அவரே போன் செய்து சொல்லிவிடுகிறார்.